கடைசிக் காட்சி வரைக்கும்

அன்புள்ள புது ரசிகருக்கு,

நீங்கள் சிபாரிசு செய்த படத்தை நேற்று பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது. போன மாதம் வயலின் கச்சேரி, அதற்கு முன்னால் ஓவியக் கண்காட்சி. மாற்றலாகிப் போன ஊரில் உங்களுக்கு ரசனை பொத்துக்கொண்டு வருகிறது.

கல்யாணமான நாளிலிருந்து நான் தியேட்டருக்குக் கூப்பிட்டால், "ஆளை விடும்மா, தூக்கம் வருது" என்பீர்கள். இழுத்துக்கொண்டு போனாலும் பெயர் போடும்போதே குறட்டை. என் தோள்தான் தலையணை. எந்தப் படத்தின் முடிவையும் வீடு திரும்பும் வழியில் நான்தான் சொல்வேன்.

இப்போது போனில், "கடைசிக் காட்சியில அவ கண்ணாடியத் துடைக்கிறத மறக்காம பாரு" என்கிறீர்கள்.

பார்த்தேன்.

கூட யார் வந்தார்கள் என்று நான் கேட்கவில்லை. தூக்கம் வரவில்லையா என்றுதான் கேட்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பழைய தலையணை