சொல்லாமல் விட்ட சொட்டு மருந்து

அண்ணே,

இன்று ஈப்போவில் கண் மருத்துவர் எனக்கும் கண் அழுத்தம் இருக்கிறது என்றார். சொட்டு மருந்து எழுதுமுன், "இழுப்பு, ஆஸ்துமா ஏதும் இருக்கா?" என்று கேட்டார். உங்களிடம் இதை யாரும் கேட்கவில்லையே என்ற எரிச்சலோடு வெளியே வந்தேன்.

தமிழ்ப்பள்ளி வாரியக் கூட்டத்தில் நான் தலைவர் பதவிக்கு நின்றபோது, நீங்கள் என்னை எதிர்த்து நின்றவனுக்குக் கை தூக்கினீர்கள். அதற்கு ஆறு வருடம் உங்களோடு பேசாமல் இருந்தேன். அண்ணி போனில் அழுததால்தான் சிலிம் ரிவரில் உங்கள் வீட்டுக்கு வந்தேன். ரப்பர் தாள் உலர்த்தும் புகைக்கூடத்தில் இருபது வருடம் வெந்த நெஞ்சு உங்களுடையது. அரசு கிளினிக்கில் கொடுத்த இன்ஹேலரைக் காலையில் ஒருமுறை இழுத்தால் நாள் முழுக்கத் தாங்கும். அப்படி இருந்தவர், மூன்று வாரமாகக் குளியலறைக்குப் போய் வரவே சுவரைப் பிடித்தீர்கள்.

"வேற மருந்து ஏதும் எடுக்குறீங்களா?" என்று கேட்டேன்.

"இல்லலா."

"மூணு வாரமா கண்ணுக்குச் சொட்டு விடுறாரே," என்றார் அண்ணி.

"அது கண்ணுக்கு... கண்ணுல விட்டா... நெஞ்சுக்கா போகும்?"

கண்ணுக்குத் தனியார் டாக்டரிடம் போனது தெரிந்தால் கிளினிக்கில் ஏசுவார்கள் என்று மறைத்திருந்தீர்கள். நம் ஆட்கள் எல்லாரும் செய்வதுதான். சொட்டு மருந்துப் பெட்டிக்குள் மடித்திருந்த தாளைப் படித்தேன். நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கு ஆகாது என்று அச்சடித்தே இருந்தது. அன்றே உங்களைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். கண்ணில் விடுவது மூக்கு வழியே இறங்கி இரத்தத்தில் கலக்கும், மூச்சுக்குழாயை விரிக்கிற மருந்தை வேலை செய்ய விடாது என்றார் அங்கிருந்த டாக்டர். உங்களை ஏசவில்லை. கண் மருத்துவரை அழைத்துப் பேசி வேறு சொட்டுக்கு மாற்றினார்.

அடுத்த மாதம் நான் வந்தபோது வாசல்வரை நடந்து வந்து கேட்டைத் திறந்தீர்கள். நானே பேச்சை எடுத்தேன். "ஏன் எனக்குக் கை தூக்கல?"

"உனக்குப் படிப்பு இருக்கு, பொறுமை இல்லடா. நீ தலைவரானா ஒரே மாசத்துல வாத்தியாருங்க எல்லாம் மாற்றல் கேட்டு ஓடியிருப்பாங்க. இப்ப நின்னாலும் அவனுக்குத்தான் தூக்குவேன், போலா!"

எங்கும் நிற்காமல் ஒரே மூச்சில் சொன்னீர்கள். அண்ணி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தார். எனக்குக் கோபம் வரவில்லை, இன்னும் ஏசுங்கள் என்றிருந்தது.

அதன்பின் நான்கு வருடம் உயிரோடு இருந்தீர்கள், வாரம் ஒரு சண்டையாவது போட்டோம். வாரியத்து மற்றவர்களை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்கப் போவதும் இல்லை. உங்கள் ஏச்சை மட்டும் வார்த்தை பிசகாமல் வைத்திருக்கிறேன்.