டேங்குக்குள் நீ அடைத்த காற்று

அண்ணே,

இன்று மத்தியானம் பிரஷர் டேங்கின் தலையிலிருந்த கறுப்பு மூடியைக் கழற்றி, காற்றளக்கும் கேஜை வைத்து அழுத்தினேன். 'புஸ்' என்று ஒரு மூச்சு வெளியே வந்தது. ஏலக்காய் வாசனை. நீ போனபிறகு மோட்டார் அறைக்குள் ஒரு மூட்டைகூட வந்ததில்லை. செத்தும் உனக்கு ஏலக்காய் வாடை போகாதா என்று கேட்டேன். பதில் வந்துவிடுமோ என்று உடனே வாயை மூடிக்கொண்டேன்.

இதை வாங்கப் போனது நினைவிருக்கிறதா? நம்முடையது ஓட்டு வீடு, மேலே தொட்டி வைக்க வழியில்லை. கிணற்றுத் தண்ணீர் குழாயில் வேகமாக வர பிரஷர் டேங்குதான் சரி என்றாய். தேனிக் கடைக்காரர் குடத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒன்றைக் காட்டி, வீட்டுக்கு இது போதும் என்றார். நீ ஒத்துக்கொள்ளவில்லை. "சின்னதா வாங்குனா கை கழுவ ஒருதரம், கால் கழுவ ஒருதரம்னு மோட்டாரு எந்திரிச்சு உக்காந்தே செத்துரும்ணே," என்று அவரிடம் சொல்லி, நானே உள்ளே குடியிருக்கலாம் போன்ற ஒன்றை ஜீப்பில் ஏற்றினாய். எனக்குத் தீபாவளிக்குச் சுடிதார் எடுத்தபோது இவ்வளவு யோசித்தாயா நீ?

அப்போது மலையிலிருந்து நீ இறக்கிவந்த ஏலக்காய் மூட்டைகள் மோட்டார் அறையில் ஓடு முட்ட அடுக்கியிருந்தன. மூச்சு விட்டாலே பாயசம் குடித்த மாதிரி இருந்தது. அதற்கு நடுவில் நின்று, பைக் டயருக்கு அடிக்கும் கால் பம்பால் டேங்குக்குக் காற்றடித்தாய். உள்ளே ரப்பர் பையில் தண்ணீர், பைக்கு வெளியே காற்று. அந்தக் காற்று அமுக்குவதால்தான் மோட்டார் ஓடாதபோதும் குழாயில் தண்ணீர் வரும். "தண்ணி அழுத்தம் இருபதுக்கு எறங்குனா மோட்டாரு தானா எந்திரிக்கும். காத்து அதுக்கு ரெண்டு கம்மியா இருக்கணும், ஏலே," என்றாய். ஏலக்காய்க்கு நடுவில் ஏலே என்று கூப்பிட்டு ஏலம் விடுகிறாயா என்றேன். தலையில் கொட்டினாய்.

தட்டிப் பார்த்தால் மேலே காற்றிருக்கும் இடம் 'டங்' என்றது, கீழே தண்ணீர் 'தொம்' என்றது. நமக்கு அது போதாதா? அடுத்த சுவர் குளியலறை. நம்மோடு இருக்கும் சித்தப்பா குளிக்கப் போனால் நான் மேலே ஒருதரம், நீ கீழே ஒருதரம். முதல் நாள் அவர் சோப்பு நுரையோடு வெளியே வந்து, "மதினி, சொவத்துக்குள்ள யாரோ இருக்காக," என்றார். பேய்க்கும் மரியாதை கொடுத்த மனிதர்.

கார்த்திகையில், பனிமூட்டத்தில், கொண்டை ஊசி வளைவில் உன் ஜீப் திரும்பவில்லை.

கருமாதி முடிந்து சொந்தங்கள் கிளம்பிய சாயங்காலம் மோட்டார் தானாக ஓடியது. எந்தக் குழாயும் திறந்திருக்கவில்லை. ஓடியது, நின்றது, மறுபடி ஓடியது. அம்மா வாசல் குழாயைப் பார்த்தாள். மலையிலிருந்து வந்ததும் நீ கால் கழுவும் குழாய். அடியிலிருந்த கல் ஈரமாக இருந்தது. "தம்பி வந்துட்டான்," என்றாள். அன்றிலிருந்து கல்லுக்குப் பக்கத்தில் உன் துண்டை வைத்தாள். அந்தப் பக்கம் யாரையும் குறுக்கே நடக்கவிடவில்லை. ஊரைப் பயமுறுத்தித் திரிந்த நான், குளிக்கும்போது கண்ணை மூடிச் சோப்புப் போடப் பயந்தேன்.

நாளாக ஆக மோட்டார் அடிக்கடி எழுந்தது. கை வைத்தால் சுட்டது. இப்படியே விட்டால் மோட்டாருக்குள் காயில் கம்பி கருகிவிடும், வீட்டுக்கு வேறு தண்ணீர் கிடையாது, டேங்கைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போடலாம் என்றார் சித்தப்பா. அம்மா மோட்டார் அறை வாசலில் நின்றுகொண்டாள்.

"மோட்டாரு எரிஞ்சா எரியட்டும். அவன் வர்ற சத்தத்த நிப்பாட்டாதீக."

மூடியை மட்டும் திறந்து பார்ப்பதாகக் கெஞ்சி உள்ளே போனேன். தட்டினேன். கீழே தொம். மேலேயும் தொம். காற்று இறங்கியிருந்தது. வாசல் குழாயோ, ஞாயிற்றுக்கிழமை வாஷர் மாற்றுகிறேன் என்று நீ சொல்லிவிட்டுப் போனது, சொட்டிக்கொண்டே இருந்தது. காற்றில்லாத டேங்கில் நாலு சொட்டு குறைந்தாலே மோட்டார் எழுந்துவிடும். எனக்கு விளங்கிவிட்டது. அம்மாவிடம் அதைச் சொல்லத்தான் வாய் வரவில்லை.

மோட்டாரை அணைத்து டேங்குத் தண்ணீரை வடித்தேன். மிச்சமிருக்கும் பழைய காற்றை விட்டுவிட்டுப் புதிதாக அடிக்கலாம் என்று சித்தப்பா நகத்தால் வால்வு முள்ளை அழுத்தினார். புஸ்.

மூன்று பேரும் மூச்சை இழுத்தோம்.

"எங்கனருந்து ஏலக்கா வாசன?" என்றாள் அம்மா. பிறகு சித்தப்பாவின் கையைத் தட்டிவிட்டாள். "அவன் அடிச்ச காத்துய்யா அது. விட்டுராதீக."

"விடலம்மா. அதுக்கு மேலதான் அடிக்கப் போறேன்," என்றேன். வழிவிட்டாள். பதினெட்டு வரும்வரை பம்பை மிதித்தேன். வாஷரையும் மாற்றினேன்.

மறுபடி போட்டதும் மோட்டார் டேங்கை நிரப்பிவிட்டு அடங்கியது. பேயைவிட அந்த அமைதி பயமாக இருந்தது. சாயங்காலம் அம்மா வாசல் குழாயைத் திறந்தாள். தண்ணீர் பீய்ச்சி அடித்தது. மோட்டார் அறையில் சத்தமே இல்லை. தண்ணீர் வந்துகொண்டே இருந்தது.

"மோட்டாரு ஓடல. யாரு தள்ளுறா?"

"அண்ணன்தான்," என்றேன். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. காலைக் கழுவி, உன் துண்டை எடுத்துத் துடைத்துக்கொண்டாள்.

சில மாதத்துக்கு ஒருமுறை நான்தான் காற்றளக்கிறேன். அளக்கும்போதெல்லாம் உன்னில் ஒரு மூச்சு குறைகிறது. அதனால் முகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறேன். இன்று வாசனை கொஞ்சம் மங்கல். பம்பு காற்றிழுக்கும் இடத்தில் ரெண்டு ஏலக்காயை நசுக்கி வைத்தால் எல்லாரையும் ஏமாற்றலாம். நசுக்கியும்விட்டேன். வைக்கவில்லை. உன் விஷயத்தில் கள்ளாட்டம் வேண்டாம்.

மூடியைத் திருகிவிட்டு, காற்றிருக்கிறதா என்று மேலே தட்டினேன். டங். கீழே உனக்கு இடம் விட்டேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் சித்தப்பா தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தினார். "ஏ புள்ள, ஒருதரம் தட்டுனா போதாதா? ரெண்டாவது எதுக்கு?" என்றார்.

நான் ஒருதரம்தான் தட்டினேன், அண்ணே.