பாதி மழை

மரக்காணம்
ஏப்ரல் 14

அன்புள்ள அம்சவள்ளிக்கு,

புத்தாண்டு வாழ்த்துகள். நலமா என்று கேட்காமல் ஆரம்பிக்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. கேட்கக் கூடாது என்று எனக்கு உத்தரவு. அது யாருடைய உத்தரவு என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போனிலேயே சொல்லலாம். ஆனால் உன் குரலைக் கேட்டால் பழைய கேள்விதான் வாயில் வரும். குழந்தை மூச்சு விடுகிறாளா, கிட்டே போய்ப் பார்த்தாயா, மறுபடி ஒருமுறை பார். முதலில் நீ சிரித்தாய். அப்புறம் அலுத்துக்கொண்டாய். கடைசியில், புள்ளய நான் சரியா கவனிக்கலன்னு சொல்றீங்களா என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தாய். அதற்குப் பிறகு நான் கூப்பிடவில்லை.

அரைமணி நேர பஸ் தூரத்தில் இருக்கிற புருஷன் மாதக்கணக்கில் எட்டிப் பார்க்கவில்லை என்றால் கீழ்புத்துப்பட்டில் என்ன பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும். பெண் பிறந்ததால்தான் வரவில்லை என்று உன் அப்பா சொல்வதாகக் காதில் விழுந்தது. அது இல்லை அம்சா. சத்தியமாக அது இல்லை.

எனக்கு ஒரு வியாதி. வேண்டாத ஓர் எண்ணம் வந்து மண்டைக்குள் உட்கார்ந்துகொள்கிறது. விரட்டினால் இன்னும் பலமாக வருகிறது. நம் குழந்தை தமிழ்நிலாவைப் பற்றியது, நினைத்தால் அது நடந்துவிடும் என்று பயம். என்ன எண்ணம் என்று மட்டும் இப்போது கேட்காதே, எழுதப் போனால் கை நின்றுவிடுகிறது. தொட்டில் போட்ட அன்று அவளை என் மடியில் வைத்தாய். எல்லாரும் பார்க்க அவளை உன்னிடமே கொடுத்துவிட்டு நான் எழுந்து வெளியே போய்விட்டேன். அப்போது வந்தது. இன்னும் போகவில்லை.

தூக்கம் போய், உப்பளத்தில் உப்பு வாரும்போது பலகையைப் பிடித்தபடியே நின்றுவிடுவேன். பக்கத்துப் பாத்தியில் வேலை செய்யும் ராசம்மாள் அக்காதான் திட்டித் திட்டி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பினார். அங்கிருந்து பாண்டிச்சேரிக்கு எழுதிக் கொடுத்தார்கள். அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் இந்த வியாதிக்கு இரண்டு விதமாக வைத்தியம் பார்த்து, எது நன்றாக வேலை செய்கிறது என்று சோதிக்கிறார்கள். ஒரு பக்கத்து ஆட்களுக்கு, பயப்படுகிற காரியத்தைச் செய்ய வைத்துப் பழக்குகிற வழக்கமான வைத்தியம். இன்னொரு பக்கத்துக்கு, மனதில் இருக்கிற நம்பிக்கை நிஜமா என்று முதலில் சோதித்துப் பார்க்கிற வைத்தியம். யாருக்கு எது என்று கம்ப்யூட்டர் பிரிக்கிறது. எனக்கு இரண்டாவது விழுந்தது.

பார்ப்பவர் பிரியதர்ஷினி மேடம். நம்மைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கும். நினைத்தால் நடந்துவிடும் என்று எவ்வளவு நம்புகிறீர்கள், நூற்றுக்கு எவ்வளவு என்று கேட்டார். நூறு என்றேன். அப்படியானால் நான் நாளைக்கு வழுக்கி விழ வேண்டும் என்று நினையுங்கள், பார்க்கலாம் என்றார். முடியாது என்று நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். சரி, நடக்கவே நடக்காத ஏதாவது ஒன்றை நீங்களே சொல்லுங்கள், இந்த வாரம் முழுக்க அது நடக்க வேண்டும் என்று நினையுங்கள் என்றார்.

வானம் வெள்ளைத் துணி மாதிரி வெளுத்துக் கிடந்தது. மழை என்றேன்.

உன்னிடம் நலம் கேட்பதும், படம் அனுப்பச் சொல்வதும் அந்த எண்ணத்துக்குத் தீனி போடுவது என்கிறார் மேடம். அதனால்தான் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியாது. இந்த வரியை எழுதிவிட்டு எழுந்து நடந்து, மறுபடி வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

உங்கள் ஊர் அய்யனார் இருவருக்கும் துணை இருக்கட்டும்.

மணிவண்ணன்


மரக்காணம்
ஏப்ரல் 20

அம்சவள்ளிக்கு,

மழை வந்துவிட்டது.

நீயும் பார்த்திருப்பாய். வியாழக்கிழமை மத்தியானம் கடல் பக்கம் கறுத்தது. நாங்கள் தார்ப்பாய் எடுத்து ஓடுவதற்குள் கொட்டிவிட்டது. வரப்பில் குவித்து வைத்த உப்பு எங்கள் கண்ணெதிரே கரைந்து வாய்க்காலில் போயிற்று. பாத்திகளெல்லாம் குளம். முதலாளி தட்சணாமூர்த்தி வந்து பார்த்துவிட்டுப் போனார். தண்ணீரை வடித்து, தரையை மிதித்துக் கெட்டிப்படுத்தி, திரும்பக் கடல்நீர் காய்ந்து உப்பு பிடிக்கும்வரை யாருக்கும் கூலி இல்லை. ராசம்மாள் அக்கா நனைந்த புடவையோடு வரப்பில் உட்கார்ந்திருந்தார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. எப்படிப் பார்ப்பேன்? நான்தானே நினைத்தேன். ஒரு வாரம், பாடம் படிக்கிற மாதிரி, மழை மழை என்று நினைத்தேன்.

மழை நடந்தது என்றால் மற்றதும் நடக்கும். அதுதான் என் தலையில் ஓடியது. பலகையை அப்படியே போட்டுவிட்டு பஸ் ஏறினேன். உங்கள் ஊரில் இறங்கி, உன் வீட்டுத் தெருமுனை வரை வந்தேன். நீ வாசல் கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாய். குழந்தை உன் தோளில் இருந்தாள். தலை நிற்கிறது அவளுக்கு. அதைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டேன். நான் கிட்டே வராமல் இருப்பதுதான் அவளுக்குப் பாதுகாப்பு.

மேடம் போன் செய்துகொண்டே இருக்கிறார், நான் எடுக்கவில்லை. இனி பாண்டிக்குப் போவதில்லை. சோதனை முடிந்தது. பதில் வந்துவிட்டது.

உன் அப்பா ஊர்ப் பெரியவர்களைக் கூட்டிப் பேசினால் பேசட்டும். நான் மறுத்துச் சொல்ல மாட்டேன். நீ என்ன முடிவு எடுத்தாலும் சரி. வேலை திரும்ப ஆரம்பித்ததும் பணம் அனுப்புகிறேன். ஒன்றே ஒன்று மட்டும் கேட்கிறேன். அவளைத் தண்ணீர்ப் பக்கம் தனியாக விடாதே. தொட்டித் தண்ணீரை மூடி வை. வாளியில் தண்ணீர் நிற்க விடாதே. இது கேள்வி இல்லை, அதனால் எழுதலாம் என்று நினைக்கிறேன். எழுதலாமா என்றும் தெரியவில்லை.

மன்னித்துக்கொள்.

மணிவண்ணன்


மரக்காணம்
மே 5

அன்புள்ள அம்சாவுக்கு,

உன் கடிதம் வந்தது. நீ எனக்கு எழுதுகிற முதல் கடிதம் இதுதான், கல்யாணத்துக்கு முன்னால்கூட எழுதியதில்லை. திட்டுவாய் என்று நினைத்துத்தான் பிரித்தேன். நீ எழுதியிருப்பதை இங்கே திருப்பி எழுதுகிறேன், எனக்காக. "குழந்தைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. ஒரு மழை பெய்து குளிராதா என்று அந்த வாரம் முழுக்க நானும்தான் நினைத்தேன். அப்படியென்றால் பாதி மழை என்னுடையது. ராசம்மாள் அக்காவிடம் நான் வேறு மன்னிப்புக் கேட்க வேண்டுமா?"

வாசித்துவிட்டுச் சிரித்தேன். சிரித்து எவ்வளவு காலம் ஆயிற்று என்று நினைத்ததும் அழுகையும் வந்துவிட்டது.

நடந்ததைச் சொல்கிறேன். நான் போனை எடுக்காததால் மேடமே உப்பளத்துக்கு வந்துவிட்டார். அந்த வெயிலில், செருப்பு சேற்றில் புதைய வரப்பு மேல் நடந்து வந்தார். மழை பெய்த அன்று அவருக்கும் திக்கென்று இருந்ததாம். நடக்காத காரியம் என்று நான் மழையைச் சொன்னபோது, நடந்தால் யாருக்கு நஷ்டம் என்று கேட்டிருக்க வேண்டும், கேட்காமல் விட்டது தன் தப்பு, அதையும் ஆராய்ச்சியில் எழுதி வைத்திருப்பதாகச் சொன்னார். இந்த வைத்தியம் மற்றதைவிட நல்லதா என்று தனக்கே இன்னும் தெரியாது, அது தெரிய இன்னும் ஆட்கள் வேண்டும், நாள் வேண்டும் என்றார். டாக்டர் மாதிரி இருக்கிறவர் தெரியாது என்று சொல்லி நான் கேட்டதில்லை. அதனாலேயே அவர் அடுத்துச் சொன்னதைச் செய்தேன்.

என் வார்த்தையை நம்ப வேண்டாம், மழைக்கு முந்திய வாரத்தில் மழையைப் பற்றி யார் யார் என்ன நினைத்தார்கள் என்று நீங்களே கேட்டுப் பாருங்கள் என்றார்.

டீக்கடை கண்ணாயிரம் கொல்லையில் மல்லாட்டை போட்டிருக்கிறார். கடலைச் செடி வாடுகிறது, மழை வரட்டும் என்று பொழுது விடிந்தால் அதே நினைப்பு என்றார். ராசம்மாள் அக்காவிடம் போக எனக்குக் கால் வரவில்லை. போனேன். முதலில் உண்மையைச் சொன்னேன், சோதனைக்காக மழையை நினைத்தது நான்தான் என்று. அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"ஏம்பா மணி, நான் புருஷன் செத்ததுலேர்ந்து தெனமும் வானத்தப் பாத்து வந்துடாத, வந்துடாதன்னுதான் நெனைக்கிறேன். உன் நெனப்புக்கு வந்த மழ, என் நெனப்புக்கு ஏன் நிக்கல?"

அவர் திரும்பிச் சேற்றை வெட்ட ஆரம்பித்துவிட்டார். மறுநாள் உன் கடிதம் வந்தது.

மறுபடி பாண்டிக்கு மேடத்திடம் போனேன். நூற்றுக்கு எவ்வளவு என்று கேட்டார். பாதிக்குக் கொஞ்சம் கீழே என்றேன். பொய் சொல்லவில்லை. எண்ணம் இன்னும் வருகிறது. வரட்டும் என்று விட்டால் கொஞ்ச நேரம் சுற்றிவிட்டுப் போகிறது. சில நாள் போகாமல் நாள் முழுக்கக் கூடவே வருகிறது.

இப்போது அதை எழுதுகிறேன். எழுதாமல் உன்னிடம் அடுத்ததைக் கேட்க எனக்கு உரிமை இல்லை. என் கையாலேயே அவளைப் பாத்தித் தண்ணீரில் குப்புறப் போடுகிற மாதிரி வருகிறது. முதுகு தெரிகிறது. காதில் போட்ட கம்மல் தெரிகிறது. எனக்கு அந்த ஆசை இருக்கிறதோ என்றுதான் இத்தனை நாளும் நடுங்கினேன். ஆசை இருந்தால் இப்படி நடுங்குவீர்களா என்று மேடம் கேட்டார். அதையும் நான் நம்பிவிடக் கூடாதாம், சோதித்துத்தான் பார்க்க வேண்டுமாம்.

அதற்குத்தான் உன்னைக் கேட்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் வருகிறேன். அவளைக் குளிப்பாட்டுகிற நேரத்துக்கு வருகிறேன். குளிப்பாட்டுவது நானாக இருக்க வேண்டும். பக்கத்தில் யாரும் இருக்கக் கூடாது, நீகூட. மேடம் சம்மதித்திருக்கிறார். நீ அவரிடம் பேச வேண்டும் என்றால் பேசு, நம்பரைக் கவரின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். இதை வாசித்துவிட்டுப் பயந்தால் வேண்டாம் என்று சொல், நான் தப்பாக நினைக்க மாட்டேன். உன் அப்பா வாசலில் உட்கார்ந்திருந்தால் இருக்கட்டும், அவருக்கும் இந்தக் கடிதத்தைக் காட்டு.

கொடுக்கலாம் என்று உனக்குத் தோன்றினால், தண்ணீரை விளாவி வைத்துவிட்டு அவளை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விடு. என் கை நடுங்கும். பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிடாதே. நான் கூப்பிட்டாலும் உடனே வராதே.

போவதற்கு முன்னால், அவள் அழுதால் என்ன செய்தால் நிறுத்துவாள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போ. எனக்கு அது தெரியாது.

தமிழ்நிலாவின் அப்பா,
மணிவண்ணன்