கரையாத மை

ஹயரே, 3 ஏப்ரல் 1987

அன்புத் தம்பி யேரோவுக்கு,

நலமா? கண்காட்சி வேலை என்று சாப்பாட்டை மறந்துவிடாதே, நீ அப்படிப்பட்டவன்தான். அப்பாவின் துக்கத்துக்கு வந்தபோது அவர் பெட்டியை அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோனாய். நூல்கள், தொழுகை விரிப்பு, தேநீர்க் கெண்டி எல்லாம் அங்கேயே இருக்கட்டும், ஊருக்கெல்லாம் மார்க்கம் சொன்ன நம் அப்பா செர்னோ பாய்லோவை நாடே வந்து பார்க்கட்டும். ஆனால் அவர் வேத வசனம் எழுதி, இன்னும் மையைக் கழுவிக் குடிக்காத எழுத்துப்பலகை ஒன்றும் அதோடு போய்விட்டது. அதை மட்டும் யாரிடமாவது கொடுத்தனுப்பு. காரணம் கேட்காதே.

ஆற்று மீன் காயவைத்து அனுப்பியிருக்கிறேன்.

அக்கா தாக்கோ

*

டாக்கர், 26 ஏப்ரல் 1987

அன்புள்ள அக்கா,

மீன் வந்தது. அருங்காட்சியகமே நாறுகிறது என்று மேலாளர் மூக்கைப் பொத்தினார், பிறகு பாதியை அவரே தின்றார்.

கண்காட்சி திறந்துவிட்டது. வரிசை தெருமுனை வரை நிற்கிறது. அப்பா ஊர் ஊராகப் போய்ச் சொன்னதை வாசலில் பெரிதாக எழுதியிருக்கிறோம்: "மனிதர் எல்லாரும் ஒரே குடத்துத் தண்ணீர்." அவர் கடைசியாக எழுதியது என்பதால் பலகையை நட்டநடுவில் வைத்திருக்கிறோம். நேற்று ஒரு அம்மாள் கண்ணாடியைத் தட்டி, "இத எப்பப்பா கழுவித் தருவீங்க? ஓதி எழுதின மைத்தண்ணி, என் முட்டிவலிக்கு ரெண்டு மடக்கு போதும்" என்றார். எல்லாரும் சிரித்துவிட்டோம்.

அதைப் போய் எப்படி எடுப்பேன்? நீ பிடிவாதக்காரி, தெரியும். இந்த ஒரு முறை விட்டுக்கொடேன்.

உன் தம்பி யேரோ

*

ஹயரே, 11 மே 1987

யேரோ,

அந்த வாசகத்தைப் படித்துச் சிரித்தேன். ஒன்பது வருஷமாக அப்பா என் வீட்டுக் குடத்துத் தண்ணீரைத் தொடவில்லை. தோல் தைக்கிற ஹம்மேயை நான் கட்டிக்கொண்டதுதான் குற்றம். நீயும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

சாவதற்கு முதல்நாள் புதன்கிழமை ஆளனுப்பிக் கூப்பிட்டார். மடியில் பலகை வைத்திருந்தார். "ஊருக்குச் சொன்னத உனக்குச் செய்யலம்மா. இது உனக்காக எழுதினது. வெள்ளிக்கிழமை உன் வீட்டுத் தண்ணியில கழுவு. மொத மடக்கு நான் குடிக்கறேன், மிச்சம் நீ குடி" என்றார். வியாழக்கிழமை போய்விட்டார். நான் அழுதுகொண்டிருந்தேன், நீ பெட்டி கட்டினாய்.

அவர் பங்கையும் சேர்த்து நான் குடித்தால்தான் என் மனசு ஆறும். அனுப்பு.

தாக்கோ

*

டாக்கர், 2 ஜூன் 1987

அக்கா,

கடிதத்தைப் படித்துவிட்டு அலுவலகத்திலேயே அழுதேன். மேலாளரிடம் சண்டை போட்டுப் பலகையை எடுத்துவிட்டேன். பேருந்து ஓட்டுநர் கையில் இந்தக் கடிதத்தோடு தருகிறேன்.

உன்னிடம் மறைக்க மனம் வரவில்லை. மை உதிராமல் இருக்கட்டும் என்று பிப்ரவரியிலேயே அதன்மேல் வார்னிஷ் அடித்துவிட்டோம். சம்மதித்துக் கையெழுத்துப் போட்டவன் நான். அப்பாவின் எழுத்து அழியக் கூடாது, அது ஒன்றுதான் அப்போது என் நினைப்பு. வெந்நீரில் ஊறவைத்துப் பார், கொஞ்சமாவது கரையும். என்னை மன்னித்துவிடு.

யேரோ

*

ஹயரே, 7 ஜூன் 1987

யேரோ,

வெள்ளிக்கிழமை விடிந்ததும் கழுவினேன். ஊற்றின தண்ணீர் ஊற்றினபடியே வழிந்தது. வெந்நீரிலும் ஊறவைத்தேன். "சாம்பல் போட்டுத் தேய்க்கட்டுமா?" என்று ஹம்மே கேட்டார். ஒன்பது வருஷம் அவமானப்பட்ட மனுஷன், அப்பா எழுதியதைக் கரைக்க என் பக்கத்தில் குந்தியிருந்தார். வேண்டாம் என்றேன். பாத்திரத்தில் விழுந்ததைக் குடித்தேன். வெறும் தண்ணீர்தான்.

பலகையை அதே ஓட்டுநரிடம் கொடுத்துவிட்டேன். கண்ணாடிக்குள்ளேயே வை, ஜனங்கள் பார்க்கட்டும்.

மன்னிப்பு கேட்டிருக்கிறாய். நீ வேண்டுமென்று செய்யவில்லை, தெரியும். ஆனாலும் மனசு வரவில்லை. அப்பாவுக்கு ஒன்பது வருஷம் ஆனது. எனக்கு எத்தனை ஆகுமோ. அதுவரை கடிதம் போடாதே.

செர்னோ பாய்லோவின் மகள்
தாக்கோ