திருத்தாமல் அனுப்பு

வட்டவளை,
12.02.2024

அன்புத் தங்கச்சி நிஷாந்திக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் இருக்கிறோம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? போனில் என்றால் "மீட்டிங்ல இருக்கேன்க்கா" என்று வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது.

ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் முகத்துக்குப் பூசும் கிரீம் விளம்பரம் ஒன்று மாட்டியிருக்கிறார்கள். தேயிலைக்கு நடுவே ஒருத்தி சிரிக்கிறாள். வெள்ளைத் தோல், ஒரு பிடி இடுப்பு. யாரடி இந்த மகாராணி என்று பார்த்தால், கொழுந்து பிடித்த கையில் கோணல் சுண்டுவிரல். என் விரல். தீபாவளிக்கு வந்தபோது ஆல்பத்துக்கு என்று நீ எடுத்த படம். இடுப்பில் சுற்றியிருந்த படங்குச் சாக்கைக் காணோம். நெற்றியில் கூடைக் கயிறு பதிந்த தழும்பைக் காணோம். என் நாற்பத்தொரு வயதையும் காணோம்.

சுதர்ஷினியும் பார்த்தாள். "அம்மா, நீங்க இப்படியே இருந்திருக்கலாம்ல?" என்றாள். பதினாலு வயதுப் பிள்ளை, அன்றிலிருந்து அரை ரொட்டிக்கு மேல் தொடுவதில்லை. பள்ளிச் சட்டைக்குள் இடுப்பை இறுக்கித் துணி கட்டுகிறாள். போன வாரம் வகுப்பில் மயங்கி விழுந்தாள்.

எனக்கு உன்மேல் கோபம். மறைக்க மாட்டேன்.

அக்கா
சண்முகவடிவு


கொழும்பு,
20.02.2024

அன்புள்ள அக்காவுக்கு,

எங்கள் விளம்பரக் கம்பெனியில் எல்லா முகங்களையும் கம்ப்யூட்டரில் திருத்துவது நான்தான். தோட்டத்துப் படம் கேட்டார்கள், உங்கள் படத்தைக் கொடுத்தேன். உங்களிடம் கேட்டிருக்க வேண்டும். ஆனால் நீங்கள் சந்தோஷப்படுவீர்கள் என்றுதான் நினைத்தேன். கல்யாண வீடுகளில் அந்தத் தழும்பை முடியால் மூடிக்கொள்வது யார்? நீங்கள் மறைத்ததை நான் அழித்தேன். அது அவ்வளவு பெரிய குற்றமா அக்கா?

பிள்ளை விழுந்ததைப் படித்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. நான் என்ன செய்ய வேண்டும், சொல்லுங்கள்.

நிஷாந்தி


வட்டவளை,
03.03.2024

அன்புத் தங்கச்சிக்கு,

நான் மறைத்தது உண்மைதான். இனி மறைக்க மாட்டேன். அந்தப் படத்தை நீ எடுத்தபடியே ஆள் உயரத்துக்கு அச்சடித்து அனுப்பு.

நீ விட்டுப்போன பழைய கேமராவைச் சுதர்ஷினி கையில் கொடுத்திருக்கிறேன். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் பெண்களைப் படம் எடுக்கிறாள். நம் ஆட்களைத்தான் தெரியுமே, படம் என்றால் சேலை மாற்றிப் பவுடர் போட்டுக்கொண்டுதான் நிற்பார்கள். வீரம்மாக்காவும் அப்படித்தான் வந்தார். படங்கோடு நிற்கச் சொன்னேன். "ஏன்டி, நான் மூட்டையாட்டம் தெரியவா?" என்றார். "செடி கிழிக்காம அந்த மூட்டைதானே ஒங்கள காப்பாத்துது, நில்லுங்க" என்றேன். திட்டிக்கொண்டே நின்றார். அச்சடிக்கக் கொடுத்தால், ஸ்டூடியோக்காரர் நாங்கள் கேட்காமலே எல்லோரையும் வெளுப்பாக்கிக் கொடுத்தார். திருப்பிக் கொடுத்து மறுபடி அச்சடிக்க வைத்தேன்.

இருபதாம் தேதி கோயில் திருவிழா. வாழ்த்துப் பேனர் கட்டும் கம்பிகளில் இவற்றைக் கட்டப் போகிறோம். "சாமி வர்ற பாதையில சாக்கு கட்டுன படமா?" என்று கோயில் கமிட்டி ஆண்டியப்பன் மறித்தார். "சாமி எங்கள தினமும் அப்படித்தானே பாக்குது" என்றேன். வழியை விட்டு விலகிக்கொண்டார்.

சுதர்ஷினி படம் எடுக்கிறாள், தான் மட்டும் நிற்க மாட்டேன் என்கிறாள். இன்னும் துணியை அவிழ்க்கவில்லை. ஒன்று கேட்டாள்: "சித்தி எல்லாத்தையும் மாத்துனாங்க, விரல மட்டும் ஏன் விட்டாங்க?" எனக்குத் தெரியவில்லை. நீயே எழுது.

அக்கா


கொழும்பு,
11.03.2024

அன்புள்ள அக்காவுக்கு,

படத்தை பஸ்ஸில் அனுப்பியிருக்கிறேன். ஒரு புள்ளிகூடத் தொடவில்லை. நுவரெலியாவுக்கு அடுத்த விளம்பரம் செய்யச் சொன்னார்கள், முடியாது என்றேன். ஹட்டனில் இருப்பதையும் கழற்றச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன். வேலை இருக்குமோ இருக்காதோ.

விரலையும் நிமிர்த்தச் சொன்னார்கள். மூன்று முறை முயன்றேன், மனம் வரவில்லை. அம்மா மலைக்குக் கொழுந்து பறிக்கப் போனதும் அந்த விரலைப் பிடித்துக்கொண்டுதான் பாலர் பாடசாலைக்கு வந்தேன். அதையும் மாற்றினால் அந்தப் படத்தில் என் அக்கா இருக்க மாட்டார் என்று தோன்றியது. மற்றவற்றை அழிக்கும்போது அது எனக்குத் தோன்றவில்லையே அக்கா. மன்னித்துவிடுங்கள். சுதர்ஷினியிடம் இதை வாசித்துக் காட்டுங்கள்.

நிஷாந்தி


வட்டவளை,
22.03.2024

அன்புத் தங்கச்சிக்கு,

படங்களைக் கட்டினோம். வீரம்மாக்கா தன் படத்தை மூன்று தரம் வந்து பார்த்துவிட்டுப் போனார். நான் முடியை இழுத்துவிடாமல் என் படத்துக்குப் பக்கத்திலேயே நின்றேன்.

உன் கடிதத்தைச் சுதர்ஷினிக்கு வாசித்துக் காட்டினேன். நேற்று மத்தியானம் கேமராவை என் கையில் திணித்துவிட்டு லயத்து வீட்டு வாசலில் போய் நின்றாள். "துணிய அவுத்துட்டேன்மா. எடுங்க."

ரொட்டி இன்னும் அரைதான். நான் விடுவதாக இல்லை. வேலை போனால் நேரே இங்கே வா.

எனக்குக் கேமரா பழக்கமில்லாததில் அவள் உச்சந்தலை கொஞ்சம் வெட்டுப்பட்டுவிட்டது. கேமராக் கார்டை இத்துடன் வைத்திருக்கிறேன். பெரிதாக அச்சடித்து, திருத்தாமல் அனுப்பு.

உன் அக்கா
சண்முகவடிவு