இறக்கையின் இரண்டு மடல்கள்

பிப். 8, சனி

காலையிலேயே வெயில் உறைப்பு. தைக்க வேண்டியது: பிளவுஸ் மூன்று, பாவாடை ஒன்று.

வீட்டுக்காரரின் ரிமோட்டில் பறக்கும் தெர்மோகோல் விமானம் தயார். லாரி விபத்தில் வலது மணிக்கட்டு முறிந்து ஏழு மாதம். விரல் இன்னும் சரியாக மடங்கவில்லை. இனி லாரி ஓட்ட முடியாது என்றதிலிருந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவர், ஒரு மாதமாக வீடியோ பார்த்து இதில் இறங்கிவிட்டார். அளவு சொல்வது அவர். வெட்டுவது, ஒட்டுவது, வயர் மாட்டுவது நான்.

இறக்கைகளின் பின் ஓரத்தில் பக்கத்துக்கு ஒரு மடல். ஒன்று ஏறினால் மற்றது இறங்கும்.

"லாரி மாதிரி மூக்க திருப்புனா போதாது. பைக் மாதிரி சாய்ஞ்சுதான் திரும்பும். மடல் ஏறுன பக்கத்து ரெக்க கீழ போவும்," என்றார். வாலில் இன்னொரு மடல். அது மேலே மடங்கினால் மூக்கு தூக்கும்.

பிப். 9, ஞாயிறு

பாத்தி கட்டாத உப்பளம். தரை காய்ந்து பலகை மாதிரி. ரிமோட் என் கையில். மேலே ஏறியது. வலது பக்கம் தள்ளினேன், இடது பக்கம் சாய்ந்தது. இன்னும் தள்ளினேன், இன்னும் சாய்ந்து ஓரத்து வரப்பில் மோதியது. ஓர் இறக்கை இரண்டு துண்டு.

"வலதுன்னா எதுன்னு தெரியாதா உனக்கு?"

"வலதுதாங்க தள்ளுனேன்."

வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் பரண்மேல் போட்டார். "போதும்." மறுபடி அந்தச் சுவர்.

பிப். 10, திங்கள்

கரண்ட் இல்லை. பிளவுஸ் கை வெட்டும்போது சட்டென்று பட்டது: விமானத்தின் மூக்கு என்னைப் பார்த்திருக்க அல்லவா வயர் மாட்டினேன்? என் வலது அதற்கு இடது. பரணிலிருந்து இறக்கி, ரிமோட்டை வலது பக்கம் தள்ளிப் பார்த்தேன். ஏற வேண்டிய வலது மடல் இறங்கியது. தப்பு என்னுடையதுதான். ஆனாலும் சிரிப்பு.

அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்து மடலைத் தொட்டுப் பார்த்தார். "பறக்க வுடறதுக்கு முன்ன நான் செக் பண்ணியிருக்கணும். உன்ன திட்டிட்டேன்."

வயர் இரண்டையும் இடம் மாற்றினேன். இறக்கையை அவரே பிடித்துக்கொண்டார், டேப் நான் ஒட்டினேன்.

பிப். 12, புதன்

காலை ஆறரை. காற்றே இல்லை. பறந்தது. வலது என்றால் வலது, இடது என்றால் இடது. பக்கத்தில் உப்பு வாரிக்கொண்டிருந்த பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தார்கள்.

"ஏம்மா, உள்ள ஆளு இருக்குதா?" என்றார் ஒரு அக்கா.

வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். எத்தனை நாள் கழித்து. "குடு, நான் பார்க்கறேன்."

வலது கட்டைவிரலால் மெல்லத் தள்ளினார். மடல் அசைந்ததுகூடத் தெரியவில்லை. விமானம் அழகாகச் சாய்ந்து வட்டம் போட்டது. இரண்டு, மூன்று, ஐந்து வட்டம். திருப்பிக் கேட்டேன், தரவில்லை.

"எறக்கும்போது வால் மடல கொஞ்சங்கொஞ்சமா தூக்கணும். வெரலு நடுங்குது. மேல கைய வை."

வைத்தேன்.