வெள்ளை மணையில் பாயிண்ட் செவன்

பனிப்புயல் வருகிறதென்று நேற்று சாயங்காலம் தெரு முனையில் உப்புத் தண்ணீர் லாரி போயிற்று. தரை உறையாமலிருக்கப் பெரிய சாலை நெடுக வெள்ளை வெள்ளையாகக் கோடு இழுத்துவிட்டுப் போனார்கள். அந்தக் கோட்டைப் பார்த்ததுமே நம் ஆலன் ஊர் முழுக்கப் பால் வாங்க ஓடும், உனக்குத் தெரியாததா? நான் ஓடவில்லை. கராஜுக்குப் போய், பழைய அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால் நிறுத்தி வைத்திருந்த உன் மணையை எடுத்தேன். வெள்ளை பெயின்ட் ஒரு மூலையில் உரிந்திருக்கிறது. மூக்கருகே வைத்துப் பார்த்தேன். பெயின்ட் வாசனை எப்போதோ போய்விட்டது, ஈர மரத்தின் வாசனைதான் மிச்சம்.

அதைப் பின்பக்கப் புல்லில் வைத்து, நீ செய்வது போலவே நடுவில் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்து மட்டம் பார்த்தேன். பக்கத்து வீட்டு அமெரிக்கர் வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போய்விட்டார். உன் காலத்திலேயே பழகிவிட்டார் போல.

மணையை வைத்துவிட்டு உள்ளே வந்ததும் உன் மகள் மீரா கூப்பிட்டாள். சான் ஹோசேயில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். அங்கே ஸ்வெட்டர்கூட வேண்டாமாம். ஆனாலும் ஆலனில் புயல் என்று செய்தி வந்தால் முதலில் அவள்தான் கூப்பிடுகிறாள். "அளந்துட்டு நம்பர் சொல்லுங்க ஆன்ட்டி" என்பதை அவளுடைய ஆங்கிலத்தில் சொன்னாள். போனை வைக்கப் போகிறாள் என்று நினைத்தேன். வைக்கவில்லை. கொஞ்சம் பொறுத்து, "ஆன்ட்டி, வாஸ் அம்மா ஸ்கேர்ட்? தட் லாஸ்ட் வின்டர்?" என்று கேட்டாள்.

அடுப்பில் பால் இருக்கிறது, நாளைக்குப் பேசலாம் என்றேன். அடுப்பில் பாலும் இல்லை, ஒன்றும் இல்லை. இன்று மத்தியானம் கூப்பிடுவதாகச் சொல்லியிருக்கிறாள். அதற்குள் உன்னிடம் கொஞ்சம் பேசிவிடலாம் என்று சமையலறை மேஜையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். ஜன்னல் கண்ணாடியில் சடசடவென்று சத்தம். பஞ்சு மாதிரி விழும் பனிக்கு ஏது சத்தம்? ஆகவே இது என்னவென்று உனக்குத் தெரிந்திருக்கும்.

நியூ ஜெர்சியில் இருந்த வருஷங்களில் நீ பனியைத் திட்டாத நாளே இல்லையாம். காரைத் தோண்டி எடுத்து வேலைக்குப் போனவள். டெக்சாஸுக்கு மாற்றல் என்றதும் முதல் காரியமாக பனி வாரும் ஷவலை யாருக்கோ தூக்கிக் கொடுத்துவிட்டு வந்தாய். இங்கே முதல் டிசம்பரில் வீட்டில் ஏசி ஓடியபோது உன் முகம் தொங்கிப் போனதை நான் பார்த்தேன். "இருக்கிறப்ப தொல்லைடி. இல்லாதப்பதான் என்னமோ மாதிரி இருக்கு" என்றாய். அப்போது நமக்குள் அவ்வளவு பழக்கமில்லை. ஒரே தெருவில் இருக்கும் இரண்டு தமிழ்ப் பெண்கள், அவ்வளவுதான்.

அதற்கப்புறம்தான் மழையையும் பனியையும் அளந்து அனுப்பும் தன்னார்வலர்களோடு சேர்ந்தாய். மருந்துக் கம்பெனி லேபில் வேலை பார்த்தவள் இல்லையா, அளவு என்றால் உனக்கு உயிர். புல் மேல் அளந்தால் கூடுதலாகக் காட்டும், வெள்ளைப் பலகை வேண்டும் என்று சொன்னாய். கடைக்குப் போய் ஒரு பலகை வாங்கி வந்திருக்கலாம். புயல் அன்று மத்தியானமே வருகிறது என்று அவசரப்பட்டு, மீராவுக்குக் காது குத்த சென்னையிலிருந்து பெட்டியில் வைத்துக் கொண்டுவந்த மணைக்கு வெள்ளையடித்துவிட்டாய். அந்தப் புயல் ஓக்லஹோமாவோடு திரும்பிப் போய்விட்டது. பெயின்ட் மட்டும் காய்ந்தது.

எத்தனை முறை இப்படி ஏமாந்திருப்போம்! டிவியில் வரைபடம் முழுக்க நீலமும் ஊதாவுமாகக் காட்டுவார்கள். பள்ளிக்கூடத்துக்கு முன்கூட்டியே லீவு விடுவார்கள். கடைசியில் மேலே எங்கேயோ கொஞ்சம் சூடான காற்று நடுவில் புகுந்து, பனியை உருக்கி, கீழே வருவதற்குள் அது மறுபடி உறைந்து, ஜவ்வரிசி ஜவ்வரிசியாகக் கொட்டும். "ஸ்லீட்டும் கணக்குல வரும்டி, ஆனா ஸ்லீட்னு எழுதணும்" என்பாய். உன் ஆசை ஜவ்வரிசி இல்லை. உன் வீட்டுப் புல்லில், உன் மணையில், நிஜமான பனி ஓர் அங்குலம். அதற்கு மேல் நீ கேட்டதில்லை.

நம் வாட்ஸ்அப் குழுவில் பக்கத்து ஊர் ஃபிரிஸ்கோக்காரர் ஒருவர் இருக்கிறாரே, அவர் வீட்டில் மட்டும் எப்போதும் நாலு அங்குலம் விழும். கார் பானெட்டில் காற்று கொண்டுவந்து குவித்ததை ஸ்கேலோடு படம் எடுத்துப் போடுவார். எல்லோரும் கை தட்டுவார்கள். நீ மட்டும், "சார், கார் மேல அளக்கக் கூடாது" என்று போடுவாய். உடனே குழுவே கப்சிப். உனக்கு அங்கே நல்ல பெயர் இல்லை என்பதை இப்போதாவது சொல்லிவிடுகிறேன்.

உன் மாமியார் வந்திருந்த வருஷம் நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வருகிறது. அந்த வருஷம் காலையில் எழுந்தால் ஊரே வெள்ளை. நிஜப் பனி. நீ ஸ்கேலை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினால் மணையைக் காணோம். பூஜை அலமாரிக்கு முன்னால் இருந்தது, துடைத்து, நடுவில் குங்குமம் வைத்து. "மணையை யாராவது வெளியில போடுவாங்களாம்மா? சாமி காரியத்துக்கு உள்ளது. வெள்ளையடிச்சது போதாதுன்னு பனியில வேற கிடக்கு" என்றார் அவர். வருஷக்கணக்காகக் காத்திருந்த பனி அவர் முந்தானையில் ஈரமாக இருந்தது.

நான் சமாதானமாக, "புல்லுல பார்த்தா ஒன்றரை இருக்கும் போல இருக்கே, ஒண்ணுனு போட்டுடேன். யார் கேக்கப் போறா?" என்றேன். நீ என்னை ஒரு பார்வை பார்த்தாய். அன்றைக்கு அளவு எடுக்கவில்லை என்றுதான் அனுப்பினாய். "பார்க்காததை எப்படிடி எழுதறது?" என்று மட்டும் கேட்டாய். மாமியாரிடம் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அவருக்கு காபி போட்டுக் கொடுத்துவிட்டு பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாய். திரும்பி வந்தபோது மூக்கு சிவந்திருந்தது.

பிறகு அந்தக் கடைசிக் குளிர்காலம். உனக்குக் கீமோ மருந்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள். குளிர்ந்த எதைத் தொட்டாலும் விரல் நுனியில் முள் குத்துகிறது என்று ஃபிரிட்ஜைக்கூட கையுறை போட்டுத் திறந்தாய். பனியில் காலெடுத்து வைக்கக் கூடாது. அதனால் அந்தப் புயலுக்கு அளக்கும் வேலை எனக்கு வந்தது. ஆறு அங்குலம் என்றார்கள் டிவியில். நீ நம்பவில்லை என்று வாயால் சொன்னாய். ஆனால் காலையிலிருந்தே ஜன்னலை விட்டு நகரவில்லை.

முதலில் ஜவ்வரிசிதான். அப்புறம் மத்தியானத்துக்கு மேல் சத்தம் நின்றது. நாம் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேச்சை நிறுத்தினோம். பெரிய பெரிய பஞ்சாக விழ ஆரம்பித்தது. விழுந்துகொண்டே இருக்கும் போலத்தான் இருந்தது. இருட்டுவதற்கு முன்பே நின்றுவிட்டது. நான் ஸ்கேலோடு குனிந்தேன். நிமிர்ந்து பார்த்தால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீ, குல்லாய் போட்டுக்கொண்டு, ஒரு விரலைத் தூக்கிக் காட்டுகிறாய். ஒன்று வந்துவிட்டதா?

மறுபடி குனிந்து, வேறு வேறு இடத்தில் ஸ்கேலை நிறுத்திப் பார்த்தேன். வரவில்லை. தலையாட்டிவிட்டு உள்ளே வந்தேன்.

"எவ்ளோ?"

"பாயிண்ட் செவன். அடியில பாதி ஸ்லீட்."

"ஒண்ணுனு சொல்லியிருக்கலாம்ல? நோயாளிக்கு ஒரு சந்தோஷம்" என்று சிரித்தாய். அப்புறம் சிரிப்பு நின்றது. "எல்லாரும் எனக்கு ரவுண்ட் பண்ணித்தான்டி சொல்றாங்க. முகத்துல களை வந்திருச்சு, ரிப்போர்ட் பரவாயில்ல, அடுத்த தீபாவளிக்கு ஜம்முனு இருப்பனு. நீயாவது பாயிண்ட் செவன்னு சொல்ற."

நான் டீ போடப் போவது போல எழுந்தேன். நீ கையைப் பிடித்து உட்கார வைத்தாய். "மீரா ஒரு நாள் கேப்பா. என்கிட்ட கேக்க மாட்டா, உன்கிட்டதான் கேப்பா. அவளுக்கும் ரவுண்ட் பண்ணாத, சரியா?"

சரி என்றேன். அப்போது சரி என்று சொல்வது சுலபமாக இருந்தது. அவள் உண்மையிலேயே கேட்டபோது அடுப்பில் இல்லாத பாலைத் தேடிப் போனேன். அந்தக் குழந்தைக்கு ஊரே சொல்லி வைத்திருக்கிறது, உன் அம்மா சிரித்துக்கொண்டே போனாள் என்று. அதைக் கெடுக்க நான் யார் என்று காலையிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். போன் அடிக்கிறது. வருகிறேன், இரு.

பேசிவிட்டேன்.

"அம்மா பயந்தா, மீரா" என்றேன். ஆஸ்பத்திரி பார்க்கிங்கில் என் காரில் உட்கார்ந்து நீ அழுததைச் சொன்னேன். வலியை நினைத்துத்தான் பயம் என்று நீ சொன்னதைச் சொன்னேன். அழுது முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, போகிற வழியில் இந்தியக் கடையில் நிறுத்து, வீட்டில் கறிவேப்பிலை இல்லை என்றாயே, அதையும் சொன்னேன். "எப்பவும் இல்ல, சில நாள். ஆனா அந்த நாள்ல நிஜமாவே பயந்தா. உன்னைப் பத்தி மட்டும் பயப்படல. ‘அவ பார்த்துப்பாடி’ன்னு சொன்னா." இதில் ஒரு சொல்கூட நான் கூட்டவில்லை. குறைக்கவும் இல்லை.

கெடுத்துவிட்டேன் என்றே நினைத்தேன். பிறகு அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம். "தேங்க் யூ, ஆன்ட்டி" என்றாள். கொஞ்சம் கழித்துத் தமிழிலேயே, "எனக்கும் பயமா இருந்துச்சு. நான் மட்டும்தான்னு நெனச்சேன்" என்றாள்.

நானும் அழுதேன். அதை மறைக்க நினைக்கவில்லை.

வைப்பதற்கு முன், "ஸோ, ஹவ் மச்?" என்று கேட்டாள். போனோடு பின்பக்கம் போய் மணையில் ஸ்கேலை நிறுத்திப் பார்த்தேன்.

"பாயிண்ட் ஃபோர். மொத்தமும் ஸ்லீட்."

"தட்ஸ் இட்?" என்றாள். அப்படியே உன் குரல். மேலே ஏறி வந்து கடைசியில் சட்டென்று இறங்குமே, அதே இறக்கம்.

ஃபிரிஸ்கோக்காரர் மூன்று அங்குலம் என்று படம் போட்டிருக்கிறார். பானெட்தான். "சார், கார் மேல அளக்கக் கூடாது" என்று நான் போட்டுவிட்டேன். குழுவே கப்சிப். இனிமேல் எனக்கும் அங்கே நல்ல பெயர் இருக்காது.

சாயங்காலம் இன்னொரு சான்ஸ் இருக்கிறதாம், இந்த முறை முழுக்கப் பனிதானாம். நான் நம்பவில்லை. ஆனாலும் வெளியே போய் ஜவ்வரிசியைத் தட்டிவிட்டு, மணையை ஈரம் போகத் துடைத்து, டம்ளர் தண்ணீரால் மட்டம் பார்த்து மறுபடி வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.